ஜாக்கியின் முனையில் ஒரு மோட்டார்

அமெரிக்காவிலும் கனடாவிலும் காருக்கோ பிக்கப் வண்டிக்கோ பின்னால் கட்டி இழுத்துப்போகும் வீட்டுக்கு டிராவல் டிரெய்லர் என்று பெயர். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளே உண்டு. இன்ஜின் மட்டும் கிடையாது. முகாமிடத்தில் வண்டியிலிருந்து கழற்றி நிறுத்தியதும், அதன் நான்கு மூலைகளின் அடியில் மடங்கிக் கிடக்கும் இரும்புக் கால்களைத் தரை தொடும்வரை இறக்க வேண்டும். ஸ்டெபிலைசர் ஜாக்கி என்பது இவைதான். ஒவ்வொரு ஜாக்கியின் திருகுமுனையிலும் அறுகோணத் தலை ஒன்று இருக்கும். அதில் நீண்ட கைப்பிடியை மாட்டி, மண்டியிட்டு, சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வந்ததும் இறக்க ஒரு முறை, கிளம்பும்போது ஏற்ற ஒரு முறை. இப்போது பலருடைய டிரெய்லர்களில் அந்தக் கைப்பிடி சாமான் அறையின் மூலைக்குப் போய்விட்டது. அதன் வேலையைப் பேட்டரியில் ஓடும் டிரில் செய்கிறது. துளையிடும் அலகைக் கழற்றிவிட்டு ஒரு சாக்கெட்டை மாட்டி, விசையை அழுத்தினால் கால் இறங்கிவிடும். சோம்பேறிகளின் குறுக்குவழி என்று சிலரும், கெட்டிக்காரத்தனம் என்று சிலரும் இதைச் சொல்வதுண்டு. இரண்டு பேச்சுமே விஷயத்தைச் சிறிதாக்கிவிடுகின்றன. வீட்டுக்கு ஒரு மோட்டார் போதும், அதை எந்தத் தண்டோடும் இணைத்து வேலை வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. சந்தையில் தோற்றும் போனது. அந்த யோசனை மறுபடி தலைகாட்டிய இடங்களில் ஒன்று இந்த ஜாக்கியின் முனை. அது இங்கே பலித்ததற்கு டிரில்லின் பெருமையைவிட ஜாக்கியின் பழமையே கூடுதல் காரணம் என்பது என் வாதம்.

முதலில் ஜாக்கியைப் பார்ப்போம். டிரெய்லரின் எடையைத் தாங்குவது நடுப்பகுதியில் இருக்கும் அச்சும் சக்கரங்களும்தான். மிச்சத்தை முன்கொக்கிக்கு அருகில் உள்ள ஜாக்கி ஏற்றுக்கொள்ளும். முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளுக்கு அடியில் எதுவும் இல்லை. டயரும் ஸ்பிரிங் பட்டைகளும் அமுங்கி எழுவதால், சமையல் பக்கம் ஒருவர் நடந்தால் மறுகோடியில் படுத்திருப்பவரின் கட்டில் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதே மூலைக்கால்களின் வேலை. வண்டியைத் தூக்குவது அவற்றின் வேலையே கிடையாது. மட்டம் பார்ப்பதும் தனி வேலை: பக்கவாட்டுச் சரிவைச் சக்கரத்தின் அடியில் பலகை கொடுத்துச் சரிசெய்து, சக்கரம் உருளாமல் கட்டை வைத்து, வண்டியைக் கழற்றியபின் முன்பின் சரிவை முன் ஜாக்கியால் திருத்திவிட்டுத்தான் மூலைக்கால்களைத் தொட வேண்டும். மட்டம் தவறிய டிரெய்லரில் குடித்தனம் நடத்துவது எப்படியிருக்கும் என்பதை 1954இல் வின்சென்ட் மினெல்லி இயக்கிய 'தி லாங், லாங் டிரெய்லர்' படத்தில் லூசில் பாலும் டெசி ஆர்னஸும் சிரிக்கச் சிரிக்கக் காட்டியிருக்கிறார்கள். சேற்றில் ஒருபக்கம் சாய்ந்துபோன வீட்டுக்குள் தூங்க முயல்வது சிரிப்புக்கு நல்ல பொருள்தான், படத்தில் பார்க்கும்வரை. நான்கு மூலையிலும் கொஞ்சம் அழுத்தி ஊன்றி நின்றால் போதும் என்ற இந்த எளிய தேவை பின்னால் நடந்ததற்கு முக்கியமானது. துல்லியம் தேவையில்லை, தொடர்ந்த ஓட்டமும் தேவையில்லை. ஒரு பயணத்தில் சில நிமிட வேலை.

அந்தச் சில நிமிடங்கள் கைக்கு ஏன் அவ்வளவு அலுப்பைத் தருகின்றன? திருகின் குணம் அப்படி. ஜாக்கித் திருகு தானாகப் பின்னோக்கிச் சுழன்றுவிடக் கூடாது. சுழன்றால் இரவில் யாராவது புரண்டு படுக்கும்போதெல்லாம் கால் மெல்ல ஏறிவிடும். அப்படிச் சுழலாமல் இருக்க மரையின் சரிவு மிகக் குறைவாகவும் உராய்வு தாராளமாகவும் இருக்க வேண்டும். இதற்கு ஒரு விலை உண்டு: தானே பூட்டிக்கொள்ளும் திருகில் நாம் செலுத்தும் உழைப்பில் பாதிக்கும் மேல் உராய்வுக்கே போய்விடும். இது வடிவமைப்பின் குறையில்லை. திருகு அசையாமல் நிற்பதே அந்த உராய்வால்தான். கத்தரி வடிவ ஜாக்கியில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. அதன் கைகள் படுத்த நிலையில் இருக்கும்போது அதே சுமைக்குத் திருகில் பல மடங்கு இழுவிசை வேண்டும்; நிமிர நிமிரக் குறையும். தாழ்வான டிரெய்லரில், ஜாக்கி பாதிகூட விரியாமல் தரையைத் தொட்டுவிடும் இடத்தில், கடைசிச் சில சுற்றுகள் முதுகை முறிக்கும் என்பதற்குக் காரணம் இதுதான். ஆக, திருகு வேகத்தை வாங்கிக்கொண்டு வலுவைத் தருகிறது. நிறையச் சுற்றுகளைக் கேட்கிறது. நிறையச் சுற்றுவது மனிதக் கைக்கு வராத காரியம், மோட்டாருக்கோ அது ஒன்றுதான் தெரியும்.

திருகின் முனையில் இருக்கும் அறுகோணத் தலைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1841இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் ஒரே அளவு முறையை முன்வைத்தார். அமெரிக்காவில் 1864இல் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் நிறுவனத்தில் வில்லியம் செல்லர்ஸ் தன் முறையை முன்வைத்தபோது மரையின் கோணத்தோடு நிற்கவில்லை. நட்டும் போல்ட்டுத் தலையும் என்ன அளவில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். எங்கோ செய்த ஸ்பேனர் வேறெங்கோ செய்த நட்டில் பொருந்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கிருந்து வளர்ந்தது. ஜாக்கிகளில் பரவலாகக் காணும் சரிவகமான ஆக்மி மரை அந்த நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அதற்கு முன்பிருந்த சதுர மரையைவிட வெட்டுவதற்கு எளிது. அமெரிக்க டிரெய்லர் ஜாக்கிகளில் பெரும்பாலும் முக்கால் அங்குல அறுகோணத் தலை இருக்கும். ஐரோப்பியக் காரவான்களின் மூலைக்கால்களில் வழக்கமான அளவு 19 மில்லிமீட்டர். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒன்றேதான். பிரிட்டனில் காரவான் வைத்திருப்போரும் இதே டிரில் வழக்கத்துக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. கைப்பிடிக்கென்று வைத்த தலை எந்தச் சாக்கெட்டுக்கும் இடம் கொடுக்கும். அதைச் சுற்றுவது யார், எது என்று திருகு கேட்பதில்லை.

கைப்பிடி போட்டுச் சுற்றும் வேலையை மோட்டாரிடம் ஒப்படைத்த பழைய சம்பவம் ஒன்று இங்கே பொருத்தமானது. நம்மூர்ப் பழைய லாரிகளையும் அம்பாசிடர் கார்களையும் ஹேண்டில் போட்டுக் கிளப்பியதைப் பார்த்தவர்களுக்கு, அது பின்னோக்கி உதறினால் மணிக்கட்டு என்னவாகும் என்று தெரியும். 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் சார்ல்ஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்தபோது அந்த வேலை காருக்குள் போயிற்று. கெட்டரிங் அதற்கு முன் டேட்டன் நகரின் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் கல்லாப்பெட்டியை மின்சாரத்தில் இயக்கியவர். அங்கே கற்ற பாடத்தையே காரிலும் பயன்படுத்தினார்: சில நொடிகள் மட்டும் ஓடப்போகும் மோட்டார் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, சிறிய மோட்டாரை அதன் தாங்கும் அளவுக்கு மேலேயே அந்தச் சில நொடிகளுக்கு வேலை வாங்கலாம், சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். டிரில்லை ஜாக்கியில் மாட்டும் எவரும் தெரிந்தோ தெரியாமலோ கெட்டரிங்கின் கணக்கைத்தான் போடுகிறார்கள். ஒரு காலுக்குச் சில நொடிகள், நடந்து அடுத்த மூலைக்குப் போவதற்குள் மோட்டாருக்கு ஓய்வு. ஒரே ஒரு வேறுபாடு: காரில் மோட்டார் உள்ளேயே குடியேறிவிட்டது. டிரெய்லரில் அது வந்து போகும் விருந்தாளி.

உள்ளே குடியேறுவதா, வந்து போவதா என்ற கேள்வி மின்மோட்டாரின் வரலாறு முழுவதும் கிடக்கிறது. நீராவிக் காலத்துத் தொழிற்சாலையில் ஓர் இன்ஜின், கூரையடியில் ஒரு நீண்ட தண்டு, அதிலிருந்து இறங்கும் பெல்ட்டுகள், ஒவ்வொரு பெல்ட்டிலும் ஓர் இயந்திரம் என்ற ஏற்பாடு இருந்தது. மோட்டார் வந்த தொடக்கத்தில் இன்ஜின் இருந்த இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்து, தண்டையும் பெல்ட்டையும் அப்படியே விட்டுவைத்தார்கள். இயந்திரத்துக்கு ஒன்றாகச் சிறு மோட்டார்கள் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. வீட்டுக்கும் அதே கதைதான். 1918ஆம் ஆண்டின் சியர்ஸ் ரோபக் விலைப்பட்டியலில் 'ஹோம் மோட்டார்' என்ற பொருள் இருந்தது. ஒரே மோட்டார், தையல் இயந்திரம், மின்விசிறி, மாவு கலக்கி, சாணைக்கல் என்று எதை வேண்டுமானாலும் அதோடு பொருத்திக்கொள்ளும் துணைக்கருவிகள் தனியே விற்பனைக்கு. விலை உயர்ந்த பொருள் மோட்டார், எனவே ஒன்று வாங்கினால் போதும் என்பது அன்று முழுக்க நியாயமான கணக்கு. மோட்டாரின் விலை இறங்க இறங்க அந்தக் கணக்கு குலைந்தது. மிக்ஸிக்குள், விசிறிக்குள், துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் தனித்தனி மோட்டார்கள் போய் ஒளிந்துகொண்டன. இன்று ஒரு வீட்டில் எத்தனை மோட்டார் இருக்கிறது என்று கேட்டால் யாராலும் சட்டென்று சொல்ல முடியாது.

அதே காலத்தில் வயலில் வேறு தீர்ப்பு வந்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1918 வாக்கில் டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டு ஒன்றை நீட்டிவைத்து விற்றது. 1920களில் அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் அந்தத் தண்டின் அளவையும் வேகத்தையும் தரப்படுத்தியது. நிமிடத்துக்கு 540 சுற்று என்ற அளவு இன்றும் உலகம் முழுக்க, நம்மூர் ரோட்டவேட்டர் ஓட்டுபவர்வரை, புழக்கத்தில் இருக்கிறது. பி.டி.ஓ. என்ற மூன்று எழுத்தில் எல்லோரும் அறிந்த இந்த ஏற்பாடு ஹோம் மோட்டாரின் அதே யோசனைதான்: ஓர் இன்ஜின், பல கருவிகள். வீட்டில் தோற்றது வயலில் ஏன் வென்றது? டிராக்டர் இன்ஜின் விலை உயர்ந்ததாகவே நீடித்தது. கருவிகள் ஆண்டில் சில வாரங்கள் மட்டும் ஓடுபவை. இணைக்கும் முனை எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாகிவிட்டது. மூன்றில் கடைசி இரண்டும் டிரெய்லர் ஜாக்கிக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்துகின்றன. முக்கால் அங்குல அறுகோணத் தலையை டிரெய்லரின் பி.டி.ஓ. என்று சொன்னால் மிகையாகாது, சக்தி எதிர்த்திசையில் பாய்கிறது என்பதைத் தவிர.

டிரில் இந்தக் கதைக்குள் வந்த வழி சுற்றுவழி. 1889இல் மெல்போர்னில் ஆர்தர் ஆர்னட்டும் வில்லியம் பிரெய்னும் மின்சார டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1895இல் ஸ்டுட்கார்ட்டின் ஃபெய்ன் நிறுவனம் கையில் எடுத்துப் போகத்தக்க ஒன்றைச் செய்தது. அவையெல்லாம் இரு கையாலும் பிடித்து, நெஞ்சைக் கொடுத்து அழுத்த வேண்டிய கனத்த சாமான்கள். பால்டிமோரில் 1910இல் தொழில் தொடங்கிய டங்கன் பிளாக்கும் அலோன்சோ டெக்கரும் கைத்துப்பாக்கியின் பிடியையும் விசையையும் டிரில்லுக்குக் கொண்டுவந்து 1917இல் காப்புரிமை பெற்றார்கள். இன்றைய டிரில்லின் உருவம் அன்றே முடிவாகிவிட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆலைத் தொழிலாளர்கள் டிரில்லை வீட்டு வேலைக்கும் எடுத்துப்போனதைக் கவனித்துத்தான் 1946இல் வீட்டுக்கென்று மலிவு டிரில் கொண்டுவந்ததாக அந்த நிறுவனத்தின் வரலாற்றில் சொல்வார்கள். அப்புறம் வந்தது துணைக்கருவிகளின் காலம். டிரில்லின் முனையில் மாட்டும் வட்ட ரம்பம், உப்புத்தாள் தட்டு, மெருகேற்றும் பஞ்சு, சிறு கடைசல் இயந்திரம் என்று 1950களிலும் 60களிலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெட்டி பெட்டியாக விற்றார்கள். சியர்ஸின் ஹோம் மோட்டார் துப்பாக்கிப் பிடியோடு மறுபிறவி எடுத்துவிட்டதுபோலத் தெரிந்தது.

அதுவும் நிலைக்கவில்லை, என் வாதத்துக்கு எதிராக நிற்கும் வலுவான சான்றும் இதுதான். தனி ரம்பமும் தனி உப்புத்தாள் கருவியும் மலிவானதும் மக்கள் துணைக்கருவிகளைப் பரணில் போட்டார்கள். பொது மோட்டார் என்ற யோசனை இருமுறை தோற்றிருக்கும்போது மூன்றாவது முறை ஜாக்கியில் வென்றுவிட்டதாகச் சொல்வது அவசரம் இல்லையா? தோற்றது எதனால் என்று பார்த்தால் விடை கிடைக்கும். மரம் அறுக்கும் ரம்பத்துக்கு நேர்கோடும் நிலையான மேடையும் தேவை. டிரில்லோடு தொங்கும் ரம்பத்தில் இரண்டும் இல்லை. உப்புத்தாள் தேய்க்க மணிக்கணக்கில் ஓட வேண்டும். டிரில் மோட்டார் அதற்குச் செய்யப்பட்டதில்லை. ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டும் நேரத்தில் வேலையில் பாதி முடிந்துவிடும். ஜாக்கியிடம் இந்தக் கோரிக்கைகள் எதுவும் இல்லை. அதற்கு மேடை தேவையில்லை, திருகே தன் பாதையை வைத்திருக்கிறது. வேண்டியது முறுக்குவிசை ஒன்றுதான், அதுவும் நொடிக்கணக்கில். மாட்டுவதும் கழற்றுவதும் சாக்கெட்டைத் தலையில் செருகி எடுப்பதோடு சரி. தோற்ற துணைக்கருவிகள் எல்லாம் டிரில்லைக் கருவியாக்க முயன்றவை. ஜாக்கி ஏற்கெனவே முழுமையான கருவி. அதற்குக் குறைந்தது ஒரு கை, அவ்வளவுதான்.

ஆனால் கம்பி தொங்கும் டிரில்லால் இது வழக்கமாகியிருக்காது. முகாமிடத்தில் முதலில் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று இது, மின்சாரம் இணைப்பது பல நேரம் பின்னால்தான்; மின் இணைப்பே இல்லாத காட்டு முகாம்களும் நிறைய. பேட்டரி டிரில்லை 1961இல் பிளாக் அண்ட் டெக்கர் நிக்கல் காட்மியம் பேட்டரியோடு வெளியிட்டது. நாசாதான் கண்டுபிடித்தது என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அப்போலோ பயணங்களுக்காக அந்த நிறுவனம் நிலவில் துளையிடும் டிரில்லுக்கு உழைத்தது உண்மை, ஆனால் அது பேட்டரி டிரில் கடைக்கு வந்த பின்னால் நடந்தது. ஜப்பானின் மகிதா 1978இல் 7.2 வோல்ட் டிரில்லைக் கொண்டுவந்தது. அந்தத் தலைமுறை டிரில்கள் திருகாணி முடுக்கும், பலகையில் ஓட்டை போடும். ஜாக்கியின் கடைசி இறுக்கத்தில் மூச்சுத் திணறும். சோனி 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரி, 2005இல் மில்வாக்கியின் 28 வோல்ட் கருவிகள் வழியாகத் தொழிற்கருவிகளுக்குள் நுழைந்த பின்தான் நிலைமை மாறியது. இன்றைய நடுத்தர 18 வோல்ட் டிரில் 50 நியூட்டன் மீட்டருக்குக் குறையாத முறுக்குவிசை தரும். 25 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 20 கிலோ எடையோடு அழுத்தினால் கிடைக்கும் முறுக்கு ஏறக்குறைய அதேதான். வலுவில் டிரில் மனிதனை எட்டியதே தவிர அதிகம் தாண்டிவிடவில்லை, தாண்டியது வேகத்தில். கைப்பிடியில் நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினாலே வேர்க்கும். டிரில் அதன் குறைந்த கியரிலேயே 400, 500 சுற்று ஓடும்.

டிரெய்லர்காரர்கள் இப்படியொரு வசதிக்குத் தயாராக இருந்ததற்கும் பின்னணி உண்டு. இந்தப் பயணப் பழக்கம் தொடக்கத்திலிருந்தே கைவேலைக்காரர்களின் பழக்கம். 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் கூடிய 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' சங்கத்தார் தங்கள் ஃபோர்டு கார்களைத் தாங்களே வெட்டி ஒட்டி வீடாக்கியவர்கள். டெட்ராய்ட்டில் ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியலாளர் தன் குடும்பத்துக்காகச் செய்யத் தொடங்கிய 'கவர்டு வேகன்' 1930களின் நடுவில் நாட்டின் மிகப் பெரிய டிரெய்லர் தொழிலாக வளர்ந்தது. ரோஜர் பாப்சன் என்ற பொருளியல் கணிப்பாளர், இருபது ஆண்டுகளில் அமெரிக்கர்களில் பாதிப்பேர் டிரெய்லரில்தான் குடியிருப்பார்கள் என்று அந்தச் சமயத்தில் அடித்துச் சொன்னார். நடக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. தொழில் இந்தியானாவின் எல்க்ஹார்ட்டில் வேர்விட்டு, எடையிலும் விலையிலும் ஒவ்வொரு துளியையும் எண்ணிச் செய்யும் தொழிலாக நிலைபெற்றது. இழுக்கும் காருக்கு எடை வரம்பு உண்டு. வாங்குபவருக்குக் கடன் தவணை உண்டு. நான்கு மூலைக்கும் நான்கு கையால் சுற்றும் ஜாக்கி என்பது அந்தச் சிக்கனத்தின் விளைவு. அதை வாங்குபவர் வீட்டில் மரவேலையோ பழுதுவேலையோ செய்யத் தெரிந்தவராக, டிரில் ஏற்கெனவே வைத்திருப்பவராக இருப்பது அபூர்வம் இல்லை. இரண்டும் ஒரே கொட்டகையில் இருந்தன; சேர்ந்துகொண்டதற்குக் கண்டுபிடிப்பாளர் பெயர் தேட வேண்டியதில்லை.

மோட்டாரை உள்ளேயே வைத்த ஜாக்கிகள் இல்லாமலில்லை. விலை கூடிய டிரெய்லர்களில் டிரெய்லரின் 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஜாக்கிகள் வருகின்றன. தானே மட்டம் பார்த்துக்கொள்ளும் ஹைட்ராலிக் ஏற்பாடுகளும் உண்டு. எல்லாக் கருவியிலும் நடந்ததுபோல இங்கேயும் கடைசியில் உள்மோட்டார் வெல்லும், டிரில் ஒரு இடைக்கால ஏற்பாடு என்று வாதிடலாம். மிக்ஸியின் மோட்டார் தினமும் ஓடுகிறது, வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஜாக்கி மோட்டாரோ சேறும் உப்பும் தெறிக்கும் அடிப்பகுதியில் தொங்கி, குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்து, ஆண்டில் சில மணி நேரம்கூட ஓடாமல் துருவேறும். நான்கு மோட்டாரை அப்படிச் சுமந்து திரிவதைவிட வீட்டுக்குள் உலர்ந்து கிடக்கும் ஒன்றைப் பயன்படுத்துவது சிக்கனக்காரருக்கு மட்டுமல்ல, எந்திரத்துக்கும் நல்லது. அரிதாக ஓடும் வேலைக்கு வந்து போகும் மோட்டார்தான் பொருத்தம் என்று வயல் சொன்ன தீர்ப்பு இங்கும் செல்லும்.

கருவி கெட்டுவிடும் என்ற எச்சரிக்கையில் நியாயம் நிறைய இருக்கிறது. கையால் சுற்றும்போது கால் தரையைத் தொட்டதைக் கை சொல்லும். இன்னும் அரைச் சுற்று போதும் என்றும் சொல்லும். டிரில்லுக்கு அந்த உணர்வு இல்லை. விசையை விடாமல் அழுத்தினால் மூலைக்கால் வண்டியைத் தூக்கத் தொடங்கி, சட்டத்தை முறுக்கி, கதவு சரியாகச் சாத்தாமல் போகும். மேலே ஏற்றும்போது முழு வேகத்தில் மோதவிட்டால் ஜாக்கி கடைசிவரை இறுகிச் சிக்கிக்கொண்டு அடுத்த முகாமில் கிளம்ப மறுக்கும். இறுகும் தருணத்தில் டிரில் மணிக்கட்டை முறுக்கும். ஹேண்டில் உதறிய காலத்தின் ஆபத்து உருமாறி வந்திருக்கிறது. மரையில் கிரீஸ் பூசினால் மணல் ஒட்டி வேகச் சுழற்சியில் அரத்தைப்போல அரைக்கும். தட்டித் தட்டிச் சுழற்றும் இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துவோர், மரைக்கும் பற்றவைப்புக்கும் அடி கொடுப்பதோடு பக்கத்து டிரெய்லரின் தூக்கத்தையும் கெடுக்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் டிரில்லை எப்படிப் பிடிப்பது என்பதைப் பற்றிய குற்றச்சாட்டுகள். குறைந்த கியர், இளக்கமாக வைத்த கிளட்ச் வளையம், பக்கக் கைப்பிடி, தூசு ஒட்டாத உலர் மசகு, கடைசி அரைச் சுற்றுக்குப் பழைய கைப்பிடி. இவ்வளவும் தெரிந்தவர் டிரில்லால் ஜாக்கியைக் கெடுப்பதில்லை. தன் முழு உடம்பையும் கைப்பிடியில் போட்டு வண்டியைத் தூக்கப் பார்த்தவர்கள் டிரில்லுக்கு முன்பும் இருந்தார்கள்.

எனக்கு உண்மையில் உறுத்துவது மறுமுனை. ஜாக்கிப் பக்கம் உள்ள அறுகோணத் தலை யாருடைய சொத்தும் இல்லை. எந்த நாட்டுச் சாக்கெட்டும் அதில் போய் உட்காரும். டிரில்லின் பிடிக்கு அடியில் உள்ள பேட்டரி அப்படியில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் பேட்டரி தன் கருவியில் மட்டும் பொருந்தும்படி பள்ளமும் மேடும் வைத்திருக்கிறது. ஒரே ஹாங்காங் நிறுவனத்தின் கீழ் வரும் மில்வாக்கி, ரியோபி கருவிகளுக்கிடையேகூடப் பேட்டரியை மாற்றிப் போட முடியாது. பொது மோட்டார் திரும்பி வந்துவிட்டது என்று நான் சொல்வதற்கு எதிராக, வந்தது பொது மோட்டார் அல்ல, ஒரு நிறுவனத்தின் வேலிக்குள் இருக்கும் மோட்டார் என்று ஒருவர் சொன்னால் அதை முழுதாக மறுக்க முடியாது. ஐரோப்பாவில் மெட்டாபோ முன்னின்று 2018இல் ஒரு கூட்டணியும், பாஷ் முன்னின்று 2020இல் இன்னொன்றும், பல நிறுவனக் கருவிகளுக்கு ஒரே பேட்டரி என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. அமெரிக்கக் கொட்டகைகளை நிறைத்திருக்கும் டீவால்ட், மில்வாக்கி, ரியோபி, மகிதா ஆகியவை அவற்றில் சேரவில்லை. டிராக்டர் நிறுவனங்கள் 1920களில் தங்கள் தண்டின் அளவில் உடன்பட்டதற்கு விவசாயிகள் பல நிறுவனக் கருவிகளைக் கலந்து வாங்கியது ஒரு காரணம். பூட்டிவைத்தவர் விற்பனையை இழந்திருப்பார். பேட்டரியில் கணக்கு தலைகீழ். முதல் டிரில்லை மலிவாகக் கொடுத்து, அடுத்த பத்துக் கருவிகளை அதே பேட்டரிக்கு வாங்க வைப்பதில்தான் லாபம். செல்லர்ஸ் நட்டின் அளவைச் சொன்னபோது அவர் முன்னால் அமர்ந்திருந்தவர்கள் பொறியாளர்களும் ஆலைக்காரர்களும். பேட்டரியின் அளவை யார் முன்னால் போய்ச் சொல்வது என்பது இன்னும் முடிவாகவில்லை.